பழைய வெள்ளிக்காசைக் கழுவலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் நாணயக் கண்காட்சி எப்போது நடந்தாலும், மேசைக்கு எதிரே நின்று பொட்டலத்தைப் பிரிப்பவர்கள் முதலில் கேட்பது "இது என்ன காசு?" என்பது. அடுத்த கேள்வி, "எதைப் போட்டுத் தேய்ச்சா பளபளன்னு வரும்?" இந்த அடுத்த கேள்விக்காகத்தான் இந்தப் பக்கம். சின்னங்களைக் குத்திப் பதித்த முத்திரைக் காசு, தினாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக்காசு, சேரரின் மாக்கோதைக் காசு, மேற்கு இந்தியாவை ஆண்ட சத்ரபர் காசு போன்ற பழங்கால வெள்ளிதான் இங்கே பேச்சு. கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட கும்பினி ரூபாய், விக்டோரியா ரூபாய் வைத்திருப்பவர்களும் இதே சந்தேகங்களோடு வருவதால், அவற்றுக்கு வேறு பதில் இருக்கும் இடங்களில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

காசு கறுத்துப்போய் இருக்கு. கழுவலாமா, கூடாதா?

கறுப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் கழுவ வேண்டாம். அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு இல்லை. காசின் மேற்பரப்பில் இருந்த வெள்ளியே கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாக மாறியிருக்கிறது. அதை எடுத்தால் அந்த அளவுக்குக் காசையும் எடுத்தாயிற்று. போன வெள்ளி திரும்பி வராது.

கைவைக்க வேண்டிய காரணங்கள் குறைவு. காசை அரித்துக்கொண்டே போகிற ஏதாவது மேலே இருந்தால், எழுத்தும் உருவமும் தெரியாத அளவுக்கு மண் கெட்டியாகப் படிந்திருந்தால், பிளாஸ்டிக் உறையிலிருந்து பிசுபிசுப்பு ஒட்டியிருந்தால் கழுவலாம். "பார்க்க நல்லா இல்லை" என்பதை நான் காரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

வெள்ளி துருப்பிடிக்காதுன்னு சொல்வாங்களே, அப்புறம் எப்படிக் கறுக்குது?

சாதாரணக் காற்றில் உள்ள ஆக்சிஜன் வெள்ளியை ஒன்றும் செய்யாது. அதைக் கறுக்க வைப்பது கந்தகம். காற்றில் மிகமிகக் கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலே போதும். கூவத்தையோ பக்கிங்காம் கால்வாயையோ கடக்கும்போது மூக்கைப் பொத்த வைக்கிற அழுகிய முட்டை நாற்றம் அந்த வாயுவுடையதுதான். அந்தக் கரையோரம் குடியிருப்பவர்களின் வெள்ளிப் பாத்திரம் சீக்கிரம் கறுப்பதில் வியப்பில்லை. ரப்பர் பேண்டு, கம்பளித் துணி, முட்டை ஆகியவற்றிலும் கந்தகம் உண்டு.

படலம் மெல்லியதாக இருக்கும்போது மஞ்சள், பிறகு செம்மை, ஊதா, நீலம் என்று நிறம் மாறி, தடித்ததும் கறுப்பாகத் தெரியும். சேகரிப்பவர்கள் இதை 'டோனிங்' என்பார்கள். சீராகப் படிந்த டோனிங் உள்ள காசுக்குப் பளபளக்கும் காசைவிட அதிக விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

வீட்டு வெள்ளி விளக்கை விபூதி போட்டுத்தானே தேய்க்கிறோம். காசுக்கு மட்டும் என்ன வந்தது?

விளக்கின் மேல்தோல் கொஞ்சம் தேய்ந்தாலும் விளக்கு விளக்காகவே இருக்கும். காசின் மதிப்பு முழுவதும் ஒரு மில்லிமீட்டர்கூட உயரமில்லாத புடைப்பில்தான் இருக்கிறது. தினாரியஸில் உள்ள ரோமானியப் பேரரசர் திபேரியசின் காதோரச் சுருள்முடியும், மாக்கோதை என்ற தமிழ்ப் பிராமி எழுத்தின் விளிம்பும் அந்த உயரம்தான். விபூதி, பல்பொடி, பற்பசை, பீதாம்பரி எல்லாமே உராய்ந்து சுத்தம் செய்பவை. தேய்த்த காசைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் தெரியும். வியாபாரிகளுக்கு லென்ஸ்கூட வேண்டாம், சாய்த்துப் பிடித்தாலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எலுமிச்சை, புளி? இயற்கையானது தானே?

இயற்கையான அமிலமும் அமிலம்தான். இவை வெள்ளி சல்பைடை அவ்வளவாகத் தொடுவதில்லை, செம்பைத்தான் தேடிப் போகும். பழங்கால வெள்ளிக்காசில் செம்பு கலந்திருக்கும். ஊறப்போட்டால் மேற்பரப்புச் செம்பு கரைந்து வெளியேறி, காசு நுண்துளைகளோடு சொரசொரப்பாகிவிடும். புளியோடு உப்பும் சேர்த்துத் தேய்த்தால் குளோரைடையும் உள்ளே அனுப்பியதாகிவிடுகிறது. அதன் விளைவு கீழே பச்சை பற்றிய கேள்வியில் வரும்.

அமிலமே தொடக்கூடாது என்று இதற்குப் பொருளில்லை. வெள்ளிக்காசின் மேல் படிந்த செம்பின் பச்சைப் படிவத்தை எடுக்க, அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் நீர்த்த ஃபார்மிக் அமிலத்தைப் பயன்படுத்துவது உண்டு. என்ன செறிவு, எவ்வளவு நேரம், எப்போது நிறுத்துவது என்று உருப்பெருக்கியின் கீழே பார்த்துக்கொண்டே செய்கிற வேலை அது.

அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீர். யூடியூபில் ரெண்டே நிமிஷத்துல பளிச்சுன்னு ஆகுதே?

ஆகும். அதனால்தான் இந்தக் கேள்வி ஓயவே மாட்டேன் என்கிறது. அலுமினியம் வெள்ளியைவிட வேகமாக வினைபுரியும் உலோகம். சோடா கரைந்த வெந்நீரில் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும்போது, வெள்ளி சல்பைடிலிருந்து கந்தகம் பிரிந்துவிடுகிறது, வெள்ளி மறுபடி வெள்ளியாகிறது. அப்போது வருகிற முட்டை நாற்றம், பிரிந்த கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக வெளியேறுவதன் நாற்றம். வெள்ளியைச் சுரண்டி எடுக்காததால், சாப்பிடும் தட்டுக்கும் டம்ளருக்கும் இது மோசமான வழி இல்லை.

பழங்காசு விஷயம் வேறு. திரும்பி வந்த வெள்ளி பழையபடி இறுகிய பரப்பாக அமையாமல், பஞ்சுபோல் நெகிழ்ந்து படியும். கண்ணுக்கு ஒரு செத்த வெண்மையாகத் தெரியும். நூற்றாண்டுகளாக எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே இருந்த நிழல் வேறுபாடு மறைந்து, காசு தட்டையாகிவிடும். விரிசல் விட்ட காசில் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்தப் படிவமாக இருக்கலாம். அது கழன்றால் விரிசல் வாயைத் திறக்கும். செம்புக் கட்டிக்கு வெள்ளித் தோல் போர்த்திய பழங்காலப் போலியாக இருந்தால் தோலே உரியலாம். அந்தப் போலிகளும் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உள்ளவை, தேடி வாங்குகிறவர்கள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நகைக்கடையில முக்கி எடுப்பாங்களே, அந்த 'டிப்'?

அதில் இருப்பது பெரும்பாலும் தயோயூரியாவும் அமிலமும். கறுப்பைக் கரைக்கும், அடுத்து அடியிலுள்ள வெள்ளியையும் கொஞ்சம் கரைக்கும். நுண்துளைகளில் தங்கிவிட்ட திரவத்தைக் கழுவி எடுப்பது கடினம். அதனால்தான் முக்கி எடுத்த காசில் சில மாதங்களில் பழுப்புத் திட்டுகள் கிளம்புகின்றன. வேண்டாம்.

இது கூடாது, அது கூடாதுன்னா, வீட்டுல என்னதான் செய்யலாம்?

மூன்று பொருள் போதும்: காய்ச்சி வடித்த நீர், சுத்தமான அசிட்டோன், ஈர்க்குச்சி. குழாய்த் தண்ணீர் வேண்டாம். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். போர் தண்ணீரில், அதுவும் பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரைப் பகுதிகளில், உப்பு இருக்கும். 'டிஸ்டில்டு வாட்டர்' பேட்டரிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பக்கத்திலேயே பேட்டரி ஆசிட்டும் வைத்திருப்பார்கள், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் ஊற்றிக் காசைப் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். தினம் ஒருமுறை நீரை மாற்றுங்கள். மண் இளகச் சில நாளும் ஆகும், சில வாரமும் ஆகும். இளகியதை, காசு ஈரமாக இருக்கும்போதே, தென்னை ஈர்க்கின் நுனியால் லென்ஸ் வழியே பார்த்துக்கொண்டு தள்ளிவிடுங்கள். சுரண்ட வேண்டாம். ஊசி, பிளேடு, கம்பி பிரஷ் எதுவும் மேசையிலேயே இருக்க வேண்டாம். எழுத்துப் படிக்க வந்ததும் நிறுத்திவிடுங்கள். மூலைமுடுக்கில் கொஞ்சம் மண் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

எண்ணெய்ப் பிசுக்கு, பசை, பிளாஸ்டிக் பிசுபிசுப்பு இவற்றுக்கு அசிட்டோன். பாரிமுனைப் பக்கம் ரசாயனக் கடைகளில் சுத்தமானதாகக் கேட்டு வாங்குங்கள். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் வாசனையும் நிறமும் சேர்த்திருப்பார்கள், அது உதவாது. அசிட்டோன் பட்டென்று தீப்பிடிக்கும். சமையலறையிலும் சாமி விளக்குப் பக்கத்திலும் திறக்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். காசை எடுத்த பிறகு துடைக்க வேண்டாம், மெல்லிய பருத்தித் துணியின் மேல் வைத்து ஒற்றி எடுங்கள்.

கறுப்பு இல்லை, சாம்பல் நிறத்துல மெழுகு மாதிரி தடிமனா இருக்கு. அது என்ன?

வெள்ளி குளோரைடாக இருக்கலாம். உப்பு உள்ள மண்ணில் நெடுங்காலம் புதைந்து கிடந்த வெள்ளியில் இது உருவாகும். சாம்பலும் ஊதாவும் கலந்த நிறத்தில், நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிற மென்மையோடு இருக்கும். அழுத்திப் பார்க்க வேண்டாம், தகவலுக்காகச் சொன்னேன். வெளிச்சம் பட்டால் இன்னும் கருமையாகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குளோரைடு உலோகத்தைத் தின்றுகொண்டே உள்ளே போவதால், காசின் உண்மையான மேற்பரப்பு, அதாவது முத்திரையின் வடிவம், பல நேரம் அந்தப் படலத்துக்குள்ளேயே இருக்கும். முழுவதும் கரைத்து எடுத்தால் கீழே கிடைப்பது உருவமில்லாத ஒரு வெள்ளித் துண்டு. 'ஹைப்போ' என்று ஃபோட்டோக்காரர்கள் சொல்லும் சோடியம் தயோசல்பேட் இதைக் கரைக்கும் என்பது உண்மைதான். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் காசு பிழைப்பதும் போவதும்.

அம்மோனியா பற்றிக் கேட்பவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வீட்டில் வேண்டாம். அதுவும் குளோரைடைக் கரைக்கும், கூடவே செம்பையும் அரிக்கும். வெள்ளி கரைந்த அம்மோனியாத் திரவத்தை அப்படியே வைத்து உலரவிட்டால், தொட்டாலே வெடிக்கக்கூடிய கறுப்புப் பொருள் உண்டாகும். இதைக் காசு சேகரிப்பு வீடியோக்களில் யாரும் சொல்வதில்லை.

பச்சை பச்சையா இருக்கு. வெள்ளியில எப்படிப் பச்சை வரும்?

கலந்திருக்கும் செம்பிலிருந்து வரும். அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துத் தினாரியஸ் கிட்டத்தட்ட சுத்த வெள்ளி. நம் கொங்குப் பகுதியில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பகுதி இவர்களுடையதுதான். நீரோ கி.பி. 64 வாக்கில் எடையையும் தரத்தையும் குறைத்தார். 260-களில் வெளியான ரோமானிய 'வெள்ளி'யில் வெள்ளி சில சதவீதம்தான். வெள்ளி குறையக் குறையப் பச்சை கூடும்.

கெட்டியான, ஆழ்ந்த பச்சை பழைய படிவம். அது மேலும் பரவாது, விட்டுவிடலாம். பிசுபிசுப்பான பச்சை பிவிசி பிளாஸ்டிக் உறையிலிருந்து வந்தது, அசிட்டோனில் போகும். வெளிர்பச்சையாக, தொட்டால் மாவுபோல் உதிர்ந்தால் அது குளோரைடு அரிப்பு. ஈரம் உள்ளவரை செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சென்னையின் மழைக்கால ஈரப்பதத்தில் இது மிக வேகமாகப் பரவும்.

தினாரியஸ் கைதவறி விழுந்து ரெண்டா உடைஞ்சிடுச்சு. வெள்ளி உடையுமா?

பழைய வெள்ளி உடையும். நூற்றாண்டுகள் போகப் போக, கலந்திருக்கும் செம்பு உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே உள்ள எல்லைகளில் ஒதுங்கும். பிறகு அரிப்பு அந்த எல்லை வழியாகவே உள்ளே நுழையும். வெளியே திடமாகத் தெரிகிற காசு உள்ளே காய்ந்த பிஸ்கட் மாதிரி இருக்கும்.

இதனால் சில பழக்கங்களை விட வேண்டியிருக்கிறது. வளைந்த காசை நிமிர்த்தாதீர்கள். நகைக்கடை அல்ட்ராசோனிக் இயந்திரத்தில் போடாதீர்கள். முக்கியமாக, தரையில் சுண்டி 'டங்' என்று சத்தம் கேட்டுச் சோதிக்காதீர்கள். இப்படி உள்ளே நொய்ந்த நல்ல காசு மழுங்கலாகத்தான் ஒலிக்கும், போலி என்று நினைத்துவிடுவீர்கள், அதற்குள் அது உடைந்தும் போயிருக்கும்.

சுத்த வெள்ளியான்னு தெரிஞ்சுக்க சவுகார்பேட்டையில உரசிப் பார்க்கலாமா?

உரைகல்லில் உரசினால் விளிம்பு போச்சு. 'கேரட் மீட்டர்' எனப்படும் எக்ஸ்ரே கருவி காசைக் கெடுக்காது, ஆனால் மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். மண்ணுக்குள் மேற்பரப்புச் செம்பு கரைந்து போயிருப்பதால், பழங்காசின் தோலில் உள்ளே இருப்பதைவிட வெள்ளி அதிகம் காட்டும். எலுமிச்சையில் ஊறிய காசு இன்னும் அதிகமாகக் காட்டும்.

துல்லியத் தராசு நல்ல முதல் சோதனை. முத்திரைக் காசு சுமார் 3.3 கிராம், திபேரியஸ் தினாரியஸ் 3.8 கிராம் அளவில் இருக்கும். 1835-ஆம் ஆண்டு கும்பினி ரூபாய் 11.66 கிராம். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம், வெகுவாகக் கூடுவதற்கு வழியில்லை. நீரில் தொங்கவிட்டு எடைபோட்டு அடர்த்தி பார்த்தால், சுத்த வெள்ளிக்கு 10.5-ஐ ஒட்டி வரும். செம்பு உள்ளே இருந்தால் இறங்கும்.

ஏலத்துல விற்கிற பழங்காசெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. அவங்க கழுவினா சரி, நாங்க கழுவினா தப்பா?

நியாயமான கேள்வி. மண்ணிலிருந்து வந்த பழங்கால வெள்ளிக்காசு ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு காலத்தில் சுத்தம் செய்யப்பட்டவைதான். செய்யாவிட்டால் அவை படிக்க முடியாத மண்ணாங்கட்டிகளாகவே இருந்திருக்கும். அதனால் பழங்கால நாணயச் சந்தையில் 'கழுவியது' என்பது குற்றமல்ல, மோசமாகக் கழுவியதுதான் குற்றம். கீறல், சொரசொரப்பு, செத்த வெண்மை தெரிந்தால் விலை இறங்கும்.

இயந்திரத்தில் அச்சடித்த கும்பினி ரூபாய்க்கும் விக்டோரியா ரூபாய்க்கும் இந்தச் சலுகை கிடையாது. அவை புதைந்து வந்தவை அல்ல. அச்சடித்தபோது உண்டான மினுக்கம் சில காசுகளில் இன்னும் இருக்கிறது, அதற்குத்தான் பணம். ஒருமுறை தேய்த்தால் அந்த மினுக்கம் போய்விடும். தரச்சான்று நிறுவனங்கள் 'கழுவப்பட்டது' என்று குறித்துவிட்டால், விலையும் அதற்கேற்ப விழும். சுருக்கமாகச் சொன்னால், 1835 முதல் வந்த காசுக்கு அசிட்டோனைத் தாண்டிப் போகாதீர்கள்.

கழுவினது தெரியாம இருக்க மறுபடி கறுப்பாக்கலாமா?

வேகவைத்த முட்டை மஞ்சள்கருவோடு டப்பாவில் மூடி வைப்பது முதல் கந்தக மருந்துகள் வரை வழிகள் இருக்கின்றன. உங்கள் காசு, உங்கள் இஷ்டம். சொல்லாமல் விற்றால் அது ஏமாற்று. புதிதாகச் செய்த போலிகளையும் இப்படித்தான் பழசாக்குகிறார்கள். அதனால் பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே மாதிரி கறுப்பு அப்பியிருக்கும் காசைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

பூஜை அறையில தாத்தா காலத்து வெள்ளிக்காசு இருக்கு. வெள்ளிக்கிழமை தோறும் கழுவிக் குங்குமம் வைப்போம். நிறுத்தணுமா?

அது வழிபாடு, நிறுத்தச் சொல்ல நான் யார்? முதலில் என்ன காசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலர் வீட்டில் இருப்பது ராமர் பட்டாபிஷேகம் பொறித்த கோயில் வில்லை. அது எந்த அரசும் வெளியிட்ட நாணயம் அல்ல, பெரும்பாலும் பிற்காலத்தில் வழிபாட்டுக்காகச் செய்தது. அதைத் தேய்த்துக் குங்குமம் வைப்பதில் நாணயவியலுக்கு நட்டமில்லை.

உண்மையிலேயே பழங்காசு என்றால், ஒரு சின்ன வெள்ளித் தட்டுக்குக் குங்குமம் வைத்துவிட்டு, காசை உறையோடு பக்கத்தில் வைக்கலாம். ஏற்கனவே படிந்த எண்ணெயும் குங்குமமும் போக வேண்டுமானால், மேலே சொன்ன நீர், அசிட்டோன் முறை போதும். காசுமாலையில் பற்றவைத்த கொக்கியைக் கழற்ற முயலாதீர்கள். அந்தச் சூடு காசைப் பாழாக்கும்.

மனை தோண்டும்போது கிடைச்சது. கழுவிட்டு யாரிடமாவது காட்டலாமா?

கழுவவே கூடாது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் எதுவானாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது.

சட்டத்தை விடுங்கள், ஆய்வுக்கே அந்த மண் வேண்டும். பானையோடு கட்டியாக ஒட்டிக் கிடந்தால் பிரிக்காதீர்கள். எந்தக் காசு எதற்குப் பக்கத்தில் இருந்தது, துணியில் முடிந்து வைத்த தடம் இருக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கட்டிக்குள் இருக்கும்.

சென்னையில யாரிடம் காட்டலாம்?

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயவியல் பிரிவும், வேதியியல் பாதுகாப்புப் பிரிவும் தனித்தனியாக உண்டு. 1851-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் நாணயத் தொகுப்பு நாட்டின் பெரிய தொகுப்புகளில் ஒன்று. கழுவுவதைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், நன்றாகப் பாதுகாத்த வெள்ளிக்காசு எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். பல பேருடைய சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். நாணயச் சங்கக் கூட்டங்களுக்கு வரும் மூத்த சேகரிப்பாளர்களிடமும் காட்டலாம். கழுவும் முன் காட்டுங்கள்.

மேற்கொண்டு கறுக்காம எப்படி வைக்கிறது?

பிவிசி ஆல்பம் வேண்டாம், முகர்ந்தால் புது ஷவர் திரை போல நாற்றம் வருவது அதுதான். மைலார் (ஒருவகை பாலியெஸ்டர் படலம்) அல்லது பாலிபுரோப்பிலீன் உறை வாங்குங்கள். ரப்பர் பேண்டு, கம்பளி, செய்தித்தாள் எதுவும் கிட்டே வேண்டாம். காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். கடற்காற்று வீசும் பக்கத்து அலமாரியைவிட உள்ளறை பீரோ மேல். போகி, தீபாவளிப் புகை நாட்களில் டப்பாவைத் திறக்காமல் இருப்பது நல்லது. காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். விரல் வியர்வையின் உப்பு பிறகு ரேகையாகவே பதிந்துவிடும்.

நான் போன மாசமே பீதாம்பரி போட்டுத் தேய்ச்சிட்டேன். இப்ப என்ன பண்றது?

பள்ளங்களில் தங்கிய தூள் போக, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி அலசி, அசிட்டோனில் ஒருமுறை முக்கி உலர்த்துங்கள். கீறலை மறைக்க மறுபடி தேய்க்காதீர்கள், மெருகெண்ணெயும் பூசாதீர்கள். மைலார் உறையில் போட்டு வைத்துவிடுங்கள். சென்னைக் காற்றில் ஓரிரு ஆண்டில் மஞ்சள் ஏறத் தொடங்கும், பளபளப்பு அடங்கும். விற்க நேர்ந்தால் தேய்த்ததைச் சொல்லி விற்றுவிடுங்கள்.